அரையடி இறங்கிய அச்சு

டெட்ராய்ட்டில் வேலை பார்க்கும் கமுதிக்கார நண்பன் மாசி மாதக் கடைசியில் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். தன் காரின் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய சின்னச் சக்கரங்களை மாட்டியிருந்தான். "டாட்ஜ் கம்பெனியே 2023-ல் விட்ட சேலஞ்சர் டீமன் 170-க்கு முன்னால் 18 அங்குலம், பின்னால் 17 அங்குலம்தான்" என்று கீழே ஒரு சமாதானம். சக்கரம் சிறுத்தால் டயரின் கன்னத்துக்கு உயரம் கூடும். கிளம்புகிற நொடியில் அந்தக் கன்னம் மடங்கிச் சுருங்கித் தரையைக் கவ்வும். ஆனால் உள்ளே பிரேக் இடிக்கிறது, அதற்கு வேறு செலவு என்று புலம்பிவிட்டு, "எங்க ஊர் ஆசாரி இதையெல்லாம் எப்பவோ பண்ணிட்டாருடா, போய்ப் பாரு" என்று முடித்திருந்தான். கிளம்பிவிட்டேன்.

அருப்புக்கோட்டையில் பஸ் மாறினால் வழியெல்லாம் சீமைக்கருவேலம்தான் துணை. கமுதிக்குப் பக்கத்துச் செங்கப்படையில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு யாரும் வழி சொல்வார்கள். ஆசாரியின் வண்டிப் பட்டறைக்குத்தான் நாலு பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. முத்துமாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் சேறு பூசி வரும் சேத்தாண்டி வேடத்தைப் பார்க்க வந்தவன் என்று நினைத்து, டீக்கடைக்காரர் என்னைக் கோயில் பக்கமே திருப்பிவிடப் பார்த்தார்.

தகரக் கொட்டகை. சுவரில் சாய்ந்த வட்டைகள் (சக்கர விளிம்பின் வளைந்த மரத்துண்டுகள்), மூலையில் அடுக்கிய ஆரக்கால்கள், தரையெங்கும் சீவல். ஆசாரிக்கு அறுபத்தேழு வயது. அப்பா காலத்தில் பார வண்டியும் வில் வண்டியும் செய்த இடம். டயர் வண்டி வந்ததும் பெரிய மரச்சக்கரத்துக்குப் பாதி வேலை போயிற்று. டிராக்டர் வந்ததும் மீதியும் போயிற்று. பெங்களூரு ஐஐஎம்மின் முதல் இயக்குநர் என். எஸ். ராமசாமி மாட்டுவண்டியைத் திருத்த வேண்டும் என்று ஆயுளெல்லாம் பேசினார். மாட்டின் கழுத்துப் புண்தான் அவருக்குப் பெரிய கவலை. அந்தப் பேச்சு இந்தக் கொட்டகைவரை வந்து சேரவில்லை. இங்கே தொழிலைக் காப்பாற்றியது பந்தயம்தான்.

ராமநாதபுரம், சிவகங்கை, தூத்துக்குடிப் பக்கம் கோயில் கொடை என்றால் சுவரொட்டியில் 'மாட்டுவண்டி எல்கைப் பந்தயம்' இருக்கும். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு. போக வர இத்தனை மைல் என்று கணக்கு. 2014 மே 7-ந் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு வண்டிப் பந்தயத்தையும் சேர்த்து நிறுத்தியது. ஆசாரி கேரளாவுக்குப் போய் மூன்று வருசம் சென்ட்ரிங் பலகை அடித்தார். "உளி பிடிச்ச கையில ஆணி பிடுங்குற கம்பியக் குடுத்துட்டாங்க தம்பி" என்றார். 2017-ல் மாநிலச் சட்டம் வந்த பிறகு திரும்பி வந்தார். அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே 18-ல் அரசியல் சாசன அமர்வு சொன்ன அன்றைக்கு இரண்டு பேர் தேடி வந்து முன்பணம் கொடுத்தார்களாம். அதில் ஒருவர் அதற்கப்புறம் வரவே இல்லை.

நான் போன அன்று சின்ன மாட்டு வண்டி ஒன்று நின்றது. நாலரை அடிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மூன்றரை அடியில் போட வேண்டும் என்பது உரிமையாளரின் உத்தரவு. கனம் குறையும், எடுத்த எடுப்பில் பிய்த்துக்கொண்டு கிளம்பும். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு மைல் ஓட பெரிய சக்கரம் ஏறக்குறைய 2,990 தடவை சுற்றினால் போதும். சின்னது 3,840 தடவை சுற்ற வேண்டும். குண்டு குழியிலும் சின்னதுதான் அதிகம் விழுந்து எழும். கிளம்பும்போது கிடைக்கிற லாபத்தை வழியெல்லாம் வட்டியாகக் கட்ட வேண்டியதுதான். உரிமையாளரிடம் இதைச் சொன்னேன். "எல்லையத் தொட்டுத் திரும்புறதுக்குள்ள முன்னால போயிட்டா, அப்புறம் எவன் சார் புடிப்பான்?" என்றார்.

ஆசாரியின் கவலை வேறு. "சக்கரத்தக் குறைக்கிறது பெரிசில்ல. குறைச்ச பிறகு வண்டி எங்க போய் உக்காருதுன்னு பாக்கணும்." விட்டத்தில் ஓரடி போனால் அச்சு அரையடி இறங்கும். நுகத்தடி மாட்டின் கழுத்து உயரத்தில்தான் நிற்கும், அதற்கு இறங்க வழியில்லை. அதனால் ஏர்க்கால் முன்னால் தூக்கிக்கொள்ளும், பாரம் அச்சுக்குப் பின்னால் சரியும். இதுதான் பின்பாரம். நுகத்தடி மேலே எழும்பப் பார்க்கும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். சின்ன வயதில் வைக்கோல் வண்டியின் பின்னால் நாங்கள் நாலு பையன்கள் தொற்றிக்கொண்டபோது மாடு முன்னால் கண் பிதுங்கி நின்றது ஏன் என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது.

சக்கரத்தின் நடுக் குடம் கடைவதையும் அதில் துளை அடிப்பதையும் பற்றி எழுதப் போவதில்லை. ஆரக்கால் ஏன் சற்றே வெளிப்பக்கம் சாய வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் தலையாட்டினேன். என் கண் போனது சுவரில் தொங்கிய ஒரு சில்லின் மேல்தான்.

உள்ளங்கை அகல இரும்புச் சில்லு, நடுவில் ஓர் ஆணி, அதற்கு மரக் கைப்பிடி. அவ்வளவுதான். அப்பாவுடையதாம். பன்னிரண்டு ஆரக்காலும் ஆறு வட்டையும் பூட்டிய சக்கரத்தின் விளிம்பில் சுண்ணாம்புக் கோடு போட்டு, சில்லை அதில் வைத்து உருட்டினார். எத்தனை சுற்று, கடைசியில் எவ்வளவு மிச்சம் என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டார். அப்புறம் இரும்புப் பட்டையின் உட்பக்கத்தில் அதே சில்லு, அதே சுற்று. பட்டை அரை விரல் குறைவாக நின்றது. நான் தப்பு என்று நினைத்தேன். அவர் அந்த அரை விரலுக்காகத்தான் காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தார்.

வறட்டியும் வேர்க்கட்டையும் அடுக்கிப் பட்டையை நெருப்பில் கிடத்தினார்கள். பதினோரு அடிப் பட்டை 400 டிகிரி சூடேறினால் அரை அங்குலத்துக்கு மேல் நீளும். அந்த நேரத்தில் மூன்று பேர் குறடால் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்க வேண்டும். மரம் பற்றிக்கொள்வதற்குள் தண்ணீர் ஊற்ற வேண்டும். புகையில் எதுவும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. இரும்பு சுருங்கச் சுருங்க ஒவ்வொரு மூட்டும் 'டக்', 'டக்' என்று நெருங்கி உட்கார்ந்தது. ஆசாரி அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று கேட்காததால் அந்த இடத்தில் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

மரத்துக்கு எங்கே போகிறார் என்று கேட்டிருக்கக் கூடாது. கண்மாய்க்குள் நாட்டுக் கருவேலம் நிற்கிறது. ஒட்டுமொத்தமாக ஏலம் எடுத்தவர் விறகுக் கணக்கில் வெட்டுகிறார். இவருக்கு வேண்டிய இரண்டு நல்ல மரத்துக்கு மட்டும் சாமான் விலை. செய்த சக்கரத்தைப் பந்தயக்காரரிடம் சேர்க்க ஒரு தரகர். பழைய சக்கரத்தைக் கிராமத்தில் அள்ளிக்கொண்டு போய் மெருகேற்றி, ரிசார்ட் வாசலில் கண்ணாடி போட்டு மேஜையாக்க இன்னொரு தரகர். ஓடாத சக்கரத்துக்கு ஓடுகிற சக்கரத்தைவிட விலை அதிகம். ஜெயித்தால் கொடியும் பணமுடிப்பும் உரிமையாளருக்கு, மாலை மாட்டுக்கு, பேர் சாரதிக்கு. தோற்றால் மட்டும் எல்லோருக்கும் ஆசாரி ஞாபகம் வரும். நான் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டே போனேன். ஆசாரி, "தம்பி, அந்தக் கட்டைய எடுங்க" என்றார்.

அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைக்கிற கட்டை அது. இறங்கிய அரையடியை அதில்தான் மீட்க வேண்டும். முழுதும் மீட்டால் வண்டி உயர்ந்து, திருப்பத்தில் கவிழப் பார்க்கும். மீட்காவிட்டால் தொண்டை இறுகும். சாயங்காலம் மாட்டைப் பூட்டி, சாரதியைத் தட்டில் உட்கார வைத்து, பூட்டாங்கயிற்றுக்கும் தொண்டைக்கும் நடுவே ஆசாரி கையை நுழைத்தார். இரண்டு விரல் போனது, மூன்றாவது போகவில்லை.

கட்டையை மாற்றும் நேரத்தில் நண்பனின் காரைப் போனில் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்பாரமா, பின்பாரமா?" என்றார். நண்பனுக்கு அனுப்பிக் கேட்டேன். "பின்பாரம்தான். அப்பத்தான் பின் டயர் தரையப் புடிக்கும்" என்று பதில் வந்தது. படித்துக் காட்டினேன். "அதுக்குக் கழுத்து இல்லேல்ல" என்றபடி மறுபடியும் கையை நுழைத்தார். மூன்றாவது விரல் பாதி போய் நின்றது.

உரிமையாளர் மணி பார்த்தார். ஆசாரி மாட்டை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, இன்னொரு கட்டையை எடுத்து இழைப்புளியைப் பூட்டினார்.