மணியோடு பன்னிரண்டு நாள்!

கொடைக்கானல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காலேஜ் டூர், பஸ்ஸுக்குள் குத்தாட்டம், கோக்கர்ஸ் வாக்கில் க்ரூப் போட்டோ, குணா குகை முன்னால் நின்று கமல் மாதிரி ஒரு போஸ், வீட்டுக்கு ரெண்டு பாக்கெட் சாக்லேட், ஒரு பாட்டில் தைலம். ஒரே நாளில் பத்து 'பாயின்ட்'டை முடித்துவிட்டு, இருட்டினதும் வாந்தி எடுத்துக்கொண்டே வத்தலக்குண்டுக்கு இறங்கிவிடுவோம். நானும் அப்படி ரெண்டு தடவை போனவள்தான். மூணாவது தடவை பன்னிரண்டு நாள் இருந்தேன். பார்த்த பாயின்ட்டுகள்... கிட்டத்தட்ட ஜீரோ! காரணம், மணி.

அட, நீங்க நினைக்கிற ஆள் இல்லைங்க. மணி ஒரு கோம்பை நாய். வயசு பதினொன்று. செம்பட்டை உடம்பு, மூக்கிலிருந்து வாய் வரைக்கும் கரி பூசின மாதிரி கறுப்பு. எங்களுக்கு ஃபிசிக்ஸ் எடுத்து ரிட்டயர் ஆகி, கொடைக்கானலில் செட்டிலான மேடம் ஒருவர் வளர்க்கிற நாய். அவருக்கு சென்னையில் கண் ஆபரேஷன். மகன் வீட்டில்தான் தங்கவேண்டும். அது பத்தாவது மாடி, பேரனுக்கு வேறு வீசிங். "பன்னிரண்டு நாள் வந்து இவன்கூட இருக்கியாம்மா? சம்பளம் எல்லாம் கிடையாது. ரூம் இருக்கு, அரிசி பருப்பு இருக்கு, ஏரி நடக்கிற தூரம்" என்று போன் செய்தார்.

எம்.எஸ்சி. முடித்துவிட்டு ரிசல்ட்டுக்காக வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் இதற்கு 'பெட் சிட்டிங்' என்று ஸ்டைலாக ஒரு பெயர் உண்டு, வீட்டையும் நாயையும் பார்த்துக்கொண்டே ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அம்மாவிடம் எடுத்துவிட்டேன். "நாய்க்குச் சோறு வைக்கவாடி எம்.எஸ்சி. படிச்ச?" என்றார் அம்மா. மேடம் பெயரைச் சொன்னதும் அப்பாதான் ஓகே சொன்னார். 2024 மே மாசத்திலிருந்து கொடைக்கானலுக்கு கார், வேனில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்பது ஹைகோர்ட் உத்தரவு. நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஆரப்பாளையத்தில் கவர்மென்ட் பஸ் ஏறினேன், சரியாக நாலு மணி நேரம்.

மேடம் கிளம்பும்போது கையில் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தார். செமஸ்டர் சிலபஸ் மாதிரி! காலையில் தயிர் சாதம், சாயங்காலம் முட்டை, வாரம் ரெண்டு நாள் ஈரல், மூட்டுவலிக்கு மாத்திரை. மூணு விஷயத்துக்கு மட்டும் சிவப்பு மையில் கோடு. சாக்லேட் கூடாது, ஏரித் தண்ணீர் குடிக்கவிடக்கூடாது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாசல் தாண்டக்கூடாது.

மேடம் ஏறின வண்டி வளைவில் மறைந்ததுதான் தாமதம், மணி கேட் பக்கத்தில் போய்ப் படுத்தான். அவ்வளவுதான். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. ஈரலை வேகவைத்து மூக்குக்கு நேராக நீட்டினால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறான். பதினோரு வயசு நாய் ரெண்டு நாள் பட்டினி கிடந்தால் என்ன ஆகும்? கண்ணில் கட்டோடு இருக்கிறவரிடம் போனில் இதை எப்படிச் சொல்வது? ராத்திரி தூக்கமே வரவில்லை. மூணாம் நாள் காலையில் வேறு வழி தெரியாமல் சங்கிலியை எடுத்தேன். சத்தம் கேட்டதும் எழுந்து நின்றான். ஏரியை ஒரு முழுச் சுற்று, அஞ்சு கிலோமீட்டர். வழியில் ஒரு கடையில் எனக்கு பிரெட் ஆம்லெட் வாங்கினேன். பாதியை அவன் தின்றுவிட்டான். மீதியையும் அவனுக்கே கொடுத்துவிட்டு டீ மட்டும் குடித்தேன். அந்த டீ மாதிரி ஒரு டீ அப்புறம் குடிக்கவில்லை!

அன்றிலிருந்து தினம் ரெண்டு வேளை ஏரிதான். ஒரே ஏரியை இருபது தடவை சுற்றினால் போரடிக்காதா என்று ஃப்ரெண்ட்ஸ் கேட்டார்கள். காலை ஆறு மணிக்கு ஏரியே இருக்காது, பனி மட்டும்தான். ஏழு மணிக்குப் படகுகளின் மூக்கு தெரியும். எட்டு மணிக்கு அக்கரை மரங்கள் தெரியும். ஒன்பதுக்கு டூரிஸ்ட் வந்துவிடுவார்கள், நாங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம். இன்னொரு விஷயம், அது இயற்கையான ஏரியே கிடையாது. 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், சதுப்பு நிலத்தில் ஓடின ஓடைகளைத் தடுத்துக் கட்டினது. முதல் படகுகள் தூத்துக்குடியிலிருந்து வந்தனவாம். ரோடு இல்லாத காலத்தில் அவற்றை மலைமேல் தூக்கிக்கொண்டு வந்த ஆட்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பேரில் ஊரில் ஒரு பாயின்ட்டும் இல்லை.

சாக்லேட் விவகாரத்தில்தான் தினம் சண்டை. ஊரே சாக்லேட் ஊர். மணியைப் பார்த்ததும் "சோ ஸ்வீட்" என்று ஒரு துண்டை நீட்டாத டூரிஸ்ட் கிடையாது. கோகோவில் தியோப்ரோமின் என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது. நம் உடம்பு அதைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும், நாய்க்கு அது முடியாது. உள்ளேயே தங்கி இதயத்தைப் பதம் பார்க்கும். டார்க் சாக்லேட் என்றால் இன்னும் மோசம். "கொஞ்சூண்டுதானேக்கா" என்று கெஞ்சின ஒரு காலேஜ் கேங்குக்கு நடுரோட்டில் நின்று கெமிஸ்ட்ரி க்ளாஸே எடுத்தேன்.

ஏரித் தண்ணீர் விஷயம் அதைவிட சீரியஸ். கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. அதை நடத்தினது ஹிந்துஸ்தான் லீவர், அதாவது இன்றைய ஹிந்துஸ்தான் யூனிலீவர். 2001-ல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டின உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்தது வெளியே தெரிந்து, அந்த வருஷமே தொழிற்சாலை மூடப்பட்டது. ஏரியின் தண்ணீரிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை 2006-ல் வெளியான ஆய்வு காட்டினது. அங்கே வேலை பார்த்த 591 பேருக்கு கம்பெனியோடு உடன்பாடு ஏற்பட 2016 வரைக்கும் ஆனது. பதினைந்து வருஷம்! "ஒரு வாய் தண்ணியில ஒண்ணும் ஆகாதுதான். ஆனா எனக்கு அந்த ஏரியைப் பார்த்தா அதுதான் ஞாபகம் வருது" என்றார் மேடம் போனில். நான் பையில் ஒரு பாட்டிலும் கிண்ணமும் கொண்டுபோனேன்.

நாயோடு போனால் பாதி கொடைக்கானல் கதவைச் சாத்திவிடும். படகு கிடையாது, பார்க் கிடையாது. பேரிஜம் போகலாம் என்றால் அது வனத்துறை பர்மிஷன் வாங்கிப் போகிற காடு, அங்கே நாய் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. நியாயம்தான். நம் வீட்டு நாயின் வியாதி ஒட்டிக்கொண்டால் காட்டிலிருக்கிற செந்நாய்க் கூட்டமே காலியாகிவிடும். அதனால் நாங்கள் ரோடு ரோடாக நடந்தோம்.

ஒருநாள் அப்சர்வேட்டரி ரோட்டில் ஏறினோம். எவர்ஷெட் விளைவு என்று நான் பரீட்சைக்கு ரெண்டு வரி மனப்பாடம் செய்தது இந்த மலையில் நடந்த கதை! சூரியப்புள்ளியில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று 1909-ல் ஜான் எவர்ஷெட் இங்கே உட்கார்ந்துதான் கண்டுபிடித்தார். 1899-ல் இந்த ஆய்வுக்கூடம் இங்கே வந்ததற்குப் பின்னால் பஞ்சம் இருக்கிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியப்புள்ளிக்கும் மழைக்கும் சம்பந்தம் இருக்கிறதா பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். எனக்குப் புல்லரித்தது. மணி பக்கத்து மரத்தடியில் காலைத் தூக்கினான். அவனுடைய ஆராய்ச்சி அவனுக்கு.

ஆறாம் நாள்தான் மறக்கவே முடியாதது. காலை ஆறேகால். வழக்கத்தைவிடக் கனமான பனி. ஏரிக்கு மேலே போகிற சின்ன ரோட்டில் மணி திடீரென்று நின்றான். குரைக்கவில்லை. முதுகு முடி மட்டும் சிலிர்த்துக்கொண்டது. தொண்டைக்குள் ஒரு உறுமல். எனக்கு முதலில் கால்கள்தான் தெரிந்தன. முழங்கால் வரைக்கும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி நாலு கால். அப்புறம்தான் மேலே ஒரு சுவர் மாதிரி உடம்பு. காட்டெருமை! இருபது அடிகூட இருக்காது.

கோம்பை நாய்களை அந்தக் காலத்தில் காட்டெருமை வேட்டைக்கே கூட்டிப்போவார்கள் என்று சொல்வார்கள். அது மணியின் ரத்தத்தில் இருந்தது, மூட்டுவலி எல்லாம் மறந்து சங்கிலியை இழுக்கிறான். ஒரு குரை குரைத்தால் ஆயிரம் கிலோ எங்கள் மேல் வந்துவிடும். பின்னாலிருந்து மெல்லமாக ஒரு குரல். "அசையாத பாப்பா. ஓடாத. நாய் வாயைப் பிடி." குதிரை ஓட்டுகிற அண்ணன் ஒருவர், குதிரையோடு கல்லாக நிற்கிறார். நான் மண்டியிட்டு, மணியின் வாயை ரெண்டு கையாலும் மூடி, அவனை என் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். அவன் இதயம் அடிக்கிறதா, என்னுடையதா, தெரியவில்லை. அந்த மிருகம் ஒருதரம் மூச்சு விட்டது. பஸ் ப்ரேக் பிடித்த மாதிரி சத்தம். அப்புறம் தலையைத் திருப்பிக்கொண்டு, அவசரமே இல்லாமல் ரோட்டைக் கடந்து ஒரு பங்களா காம்பவுண்டுக்குள் போய்விட்டது.

"முன்னெல்லாம் இதுக ஊருக்குள்ள வராது பாப்பா. மேல புல்லு இருந்துச்சு" என்றார் அண்ணன். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. பழனிமலையின் மேல்மட்டம் சோலைக்காடும் புல்வெளியும் கலந்த இடம். சும்மா கிடக்கிற புல்தானே என்று நினைத்து யூகலிப்டஸ், பைன், சீகை மரங்களை நட்டுத் தள்ளினார்கள். 1973-க்கும் 2014-க்கும் இடையே அந்தப் புல்வெளியில் மூணில் ரெண்டு பங்கு போய்விட்டது என்கிறது செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு. நாம் க்யூவில் நின்று போட்டோ எடுக்கிற பைன் காடும் அப்படி நட்டதுதான். 2013-ல் இது வனவிலங்கு சரணாலயம் ஆனது. ஆனால் போன புல் போனதுதானே. ஏரிக்கரைப் புல்லுக்கு அவை வராமல் என்ன செய்யும்?

ஆறு மணி ரூலுக்குக் காரணத்தைப் பால்காரர் சொன்னார். சிறுத்தை. மான் கிடைக்காத ராத்திரியில் அதற்குச் சுலபமான சாப்பாடு கட்டிப்போட்ட நாய்தான். அதன் பிறகு அஞ்சே முக்காலுக்கே கதவைச் சாத்தினேன். மணி என் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொள்வான். நடுராத்திரி அவன் காதை நிமிர்த்தினால் எனக்கும் தூக்கம் போய்விடும்.

பத்தாம் நாள் வட்டக்கானல் வரைக்கும் மெதுவாக நடந்தோம். டால்பின் நோஸ் இறக்கம் அவன் முட்டிக்கு ஆகாது. டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து பேரிக்காய் தின்றேன், விதையை எடுத்துவிட்டு அவனுக்கும் ஒரு துண்டு. மேகம் விலகினபோது கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி வெயிலில் பளபளத்தது. அந்தத் திசையில்தான் கம்பம் பள்ளத்தாக்கு, அங்கே மலையடிவாரத்தில்தான் கோம்பை. மணி ரொம்ப நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தான். சொந்த ஊரைப் பார்க்கிறான் என்று எழுத ஆசைதான். ஆனால் கீழே ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

மேடம் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். மணி துள்ளவில்லை, குரைக்கவில்லை. நேராகப் போய் அவர் செருப்பு மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டான். மேடம் குனியக்கூடாதாம், டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால் காலாலேயே அவன் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார். "வீட்டை வித்துட்டு சென்னைக்கே வந்துடுன்னு பையன் சொல்றான். தனியா இருக்கிறது எனக்கும் முடியலை. இவனுக்குத்தான் ஒரு இடம் பார்க்கணும்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தட்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் வாசலுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மதுரை வெயில் தாங்குமாடி?"

"கோம்பை நாய்ம்மா. வெயில்லயே பொறந்த இனம்."

"ரொம்பக் குலைக்குமா?"

"தேவையில்லாம குலைக்காது."

திரும்பவும் சத்தமில்லை. "சரி, முட்டை தினம் எத்தனைன்னு கேட்டு எழுதிட்டு வா. ஈரல் எல்லாம் நான் தொடமாட்டேன். அது உன் வேலை."