ஒட்டகத்தைக் கட்டிய பின் தவக்குல்

கல்லூரி செல்லும் மகன் ஸ்போர்ட்ஸ் பைக் கேட்டபோது, வட்டிக் கடனை நாடாமல், கையிலிருந்த பணத்துக்குப் பழைய யமஹா ஆர்15 வாங்கினோம். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால், அது பொருத்தப்பட்ட வண்டியையே தேடினோம்.

எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு அருகே ஏறும் ஏற்காடு மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆகவே, அவன் விரும்பிய இரைச்சல் சைலன்சருக்கு இசையாமல், அப்பணத்தில் தேய்ந்த டயர்களையும் பிரேக் பேடுகளையும் மாற்றினோம். அண்டை வீட்டாரின் உறக்கமும் ஹக்கு அல்லவா?

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பிரேக்கும் டயரும் தலைக்கவசமுமே நம் பிள்ளைகளுக்கு அந்தக் கயிறு. சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெயிடவும், புறப்படுமுன் காற்றழுத்தம் பார்க்கவும் அவர்களைப் பழக்குவோம். உயிர் அல்லாஹ்வின் அமானிதம், அவனே காப்பவன்.