ஊட்டியில ஒரு ஆபீஸ் கட்டலாமா?

ஊட்டின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? போட்டிங், வர்க்கி, சூடா ஒரு டீ, தொட்டபெட்டாவுல குரூப் போட்டோ... எல்லாம் சரிதான். அடுத்த தடவை காலேஜ் டூர் போகும்போது ஒரு சின்ன விளையாட்டு ஆடிப் பாருங்க. ‘இந்த மலையில ஒரு ஆபீஸ் கட்டணும். இயற்கையோட ஒட்டி நிக்கணும்’னு உங்க கையில ஒரு அசைன்மென்ட் வந்திருக்குன்னு வெச்சுக்குங்க. சிவில், ஆர்க்கிடெக்சர் பசங்க மட்டும் இல்லை, ஹிஸ்டரி குரூப்பும் வரலாம்!

‘மேலே சோலார் பேனல், முன்னாடி முழுக்கக் கண்ணாடி, எதிரே தேயிலைத் தோட்டம்’னு சட்டுன்னு பதில் வரும். கொஞ்சம் பொறுங்க.

பசுமை அலுவலகம்னா நம்ம நாட்டுல எல்லாரும் கை காட்டுறது, ஹைதராபாத்தில் 2004-ல் திறந்த சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம். நடுவில் முற்றம், ஜாலிச் சுவர், கூரை மேல தோட்டம்னு வெயிலை வெளியே நிறுத்துற எல்லா வித்தையும் அங்கே உண்டு. அதை அப்படியே காப்பியடிச்சு ஊட்டியில கட்டினா? உள்ளே உட்கார்ந்திருக்கிறவங்க ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட வேண்டியதுதான்! ஊட்டி இருக்கிறது சுமார் 2,240 மீட்டர் உயரத்துல. ஜனவரி ராத்திரியில புல் மேல உறைபனி வெள்ளையா படியும். இங்கே வெயிலை உள்ளே கூப்பிடணும், ஈரத்தைத்தான் வெளியே நிறுத்தணும். கீழே படிச்ச பாடத்தை மேலே தலைகீழாத் திருப்பிப் போடணும்.

சரி, இந்தப் பாடத்தை இங்கே யார் நடத்துவாங்க? முதல் வாத்தியார் தோடர்கள். அவங்க மரபுக் குடிலைப் பார்த்திருப்பீங்க. பீப்பாயைப் பாதியா வெட்டிக் கவிழ்த்த மாதிரி இருக்கும். மூங்கில், பிரம்பு, மேலே புல் வேய்ந்த கூரை. வாசல் ரொம்பச் சின்னது, குனிஞ்சு தவழ்ந்துதான் போகணும். குளிர்காத்து உள்ளே வராது, சூடு வெளியே போகாது. இதுல ஒரு ரகசியம் இருக்கு. தோடர் கோயில் கூரைக்கு வேயுற புல் சதுப்பு நிலத்துல வளருது. சதுப்பை மூடிட்டா புல் இல்லை, புல் இல்லைன்னா கூரையும் இல்லை. இயற்கையோட ஒட்டின கட்டிடம்னா இதுதான். ஜன்னல் வழியா மலையைப் பார்த்து ரசிக்கிறது வேற விஷயம்.

அடுத்த வாத்தியார் ஒரு கலெக்டர். கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்தார். கோத்தகிரி பக்கத்துல கன்னேரிமுக்குல அவர் கட்டின பங்களா இன்னிக்கு அருங்காட்சியகம். 1822-ல் ஊட்டியில அவர் கட்ட ஆரம்பிச்சதுதான் ஸ்டோன் ஹவுஸ், உள்ளூர் மக்கள் வாயில ‘கல் பங்களா’. தடிமனான கல் சுவர் பகல்ல வாங்கின வெயிலைப் பத்திரமா வெச்சிருந்து ராத்திரியில மெல்ல விடும். 1955-ல் தொடங்கின அரசு கலைக் கல்லூரி இயங்குறது அந்த வளாகத்துலதான். அதாவது நம்ம செட் பசங்க தினமும் பாடத்துக்கு நடுவுலயே நடந்து போறாங்க!

ஆனா, அதே சல்லிவன் காலத்துல உருவான ஊட்டி ஏரியையும் பாருங்க. இன்னிக்கு பஸ் ஸ்டாண்ட் நிக்கிற இடம் ஒரு காலத்துல ஏரி. நிலம் கிடைச்சது, தண்ணீர் நிக்க இடம் போச்சு.

தண்ணீருக்கு இடம் விடலைன்னா அது தானே இடம் தேடிக்கும். 2009 நவம்பர் 10-ம் தேதி, குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவுல இருக்கிற கேத்தியில ஒரே நாள்ல 82 செ.மீ. மழை. அந்த மழையில நீலகிரி முழுக்க மண் சரிஞ்சு 40 பேருக்கு மேல இறந்தாங்க. இங்கே பல சரிவுகள்ல பாறை மேல கனமா மண் படிஞ்சிருக்கு. மழையைக் குடிச்சுக் குடிச்சு அந்த மண் கனக்கும். கீழே நாம ஜே.சி.பி. வெச்சு அடிக்காலை வெட்டியிருந்தா, மேல இருக்கிறது எதைப் பிடிச்சு நிக்கும்? மலையில கட்டிடங்களுக்கு உயரம் 7 மீட்டர்னு 1993 விதிகள் எல்லை போட்டதுக்குப் பின்னாடி இந்தப் பயமும் இருக்கு.

இப்போ அசைன்மென்ட்டுக்கு வருவோம். பென்சில் எடுக்கிறதுக்கு முன்னாடி மழை பெய்யுற ஒரு நாள் அந்த இடத்துல போய் நில்லுங்க. தண்ணீர் எந்த வழியா ஓடுதுன்னு குறிச்சுக்குங்க. அந்த வழியில ஒரு செங்கல் கூட வைக்காதீங்க. மலையை வெட்டிச் சமமாக்காம, படிப்படியா இறங்குற மாதிரி சின்னச் சின்ன அறைகளா பிரிங்க. தடுப்புச் சுவர்ல தண்ணீர் வடிய துளை விடுங்க. குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ஞ்சு வரும், பெரிய ஜன்னல் அந்தப் பக்கம். கூரை நல்லா சரிஞ்சு, சுவரைத் தாண்டி நீளட்டும். அதுல விழுற மழை தொட்டிக்குப் போகட்டும். சோலார் பேனல்? கண்டிப்பா வைங்க, ஆனா கடைசியா!

மேஜை நாற்காலிக்கும் ஒரு ஐடியா. காட்டை அடைச்சுக்கிட்டு நிக்கிற உண்ணிச்செடியை வெட்டி, கூடலூர் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் ஆளுயர யானைகளே செஞ்சாங்க. 2021-ல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்கள் வரைக்கும் போய் நின்னுச்சு. ஒரு நாற்காலி செய்ய முடியாதா என்ன? காட்டுக்கு ஒரு களை குறையும், கைவினைஞருக்குக் கூலி கிடைக்கும்.

அடுத்த டூர்ல ஒரு கட்டிடத்தைப் பார்த்து ‘சூப்பர் வியூ’ன்னு சொல்லத் தோணினா, உடனே அதோட பின்பக்கம் போய்ப் பாருங்க. மலையை எவ்வளவு வெட்டியிருக்காங்க? மழைத்தண்ணீர் எங்கே போகுது? அந்தக் கட்டிடத்துக்கு எத்தனை மார்க்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்.