கருடன் கறுப்பா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்கு ஒரு டூட்டி உண்டு. பீளமேட்டில் எங்கள் மொட்டை மாடிக்கு ஏறி, அண்ணாந்து கருடனைத் தேடுவது. கண்ணில் பட்டுவிட்டால் கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவாள்.

இரண்டு கண்ணிலும் புரை விழுந்ததும் வானமே புகைமூட்டமாகிவிட்டது. சர்க்கரை குறைகிற வழியாக இல்லை. ஆபரேஷன் தள்ளிக்கொண்டே போனது.

"நீயாச்சும் போட்டோ புடிச்சுக் காட்டு கண்ணு."

நண்பனிடம் 400 எம்.எம். லென்ஸ் கடன் வாங்கினேன். காலை பத்து மணிக்கு மாடிக்கு நேர் மேலே வட்டமடித்தது. முப்பது கிளிக்! பெரிசாகப் பிரிண்ட் போட்டு நீட்டினேன். அம்மா மூக்குக்கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"எங்கண்ணு சுத்தமாப் போயிருச்சாட்டிருக்குது. ஒரே கருப்பாத் தெரியுது."

அம்மா கண் மேல் தப்பில்லை. படமே கறுப்புதான். விரித்த குடைத்துணி மாதிரி!

கேமரா மீட்டர் வெள்ளை வானத்தை மட்டும் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. பி.காம். பாஷையில் சொன்னால், வானத்தின் செலவைப் பறவை கணக்கில் எழுதிவிடுகிறது. அடுத்த வாரம் இரண்டு ஸ்டாப் கூட்டினேன். செம்பழுப்பு உடம்பு தெரிந்தது. வெள்ளைத் தலை வானத்தோடு கரைந்துவிட்டது. தலையில்லாத கருடனை அம்மாவிடம் எப்படிக் காட்டுவது?

இதில் இன்னொரு வம்பு. வெயில் ஏறித் தரை சூடாகி, காற்று மேலே எழும்பினால்தான் இவை இறக்கை அடிக்காமல் சுகமாகச் சுற்றும். அப்போது சூரியன் உச்சியில், வயிற்றுப்பக்கம் இருட்டு. வெளிச்சம் இதமாக இருக்கும் நேரத்தில் ஐயா மரத்தில் உட்கார்ந்திருப்பார். மேனேஜர் இருந்தால் ஃபைல் இருக்காது, ஃபைல் இருந்தால் மேனேஜர் இருக்கமாட்டார் என்கிற கதைதான்.

சிங்காநல்லூர் குளத்துக்குப் போனேன். அங்கே மீனுக்காகத் தாழப் பறக்கும். டீக்கடைக்காரர்தான் வழி சொன்னார்: "கெழக்க முதுகக் காட்டி நில்லுங்க தம்பி. மூஞ்சில வெயிலு பட்டாத்தானுங்க மனுசனே வெளுப்பாத் தெரியறான்!"

அவ்வளவுதான் விஷயம். ஏழு மணி சாய்ந்த வெயில், இறக்கைக்கு அடியிலும் புகுந்து அடிக்கும். ஷட்டர் 1/2000. ஆனால் மூன்று ஞாயிறு வந்ததெல்லாம் கரும்பருந்து. வால் பிளவுபட்டிருந்தால் அது. வட்டமாக இருந்தால் கருடன்.

கருடனாவது காத்திருந்தால் வருகிறது. வெண்முதுகுப் பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு, 1992-க்கும் 2007-க்கும் நடுவில் இந்தியாவில் 99 சதவிகிதத்துக்கு மேல் காணாமல் போய்விட்டது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி மருந்துதான் எமன். செத்த மாட்டைத் தின்றதும் பாறுவின் சிறுநீரகம் போய்விடும். 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மிச்சமிருப்பதில் கொஞ்சம் நமக்கு வடக்கே மாயாறு பள்ளத்தாக்கில் கூடு கட்டுகிறது. கூட்டுப் பக்கம் கேமராவோடு போகாமலிருப்பதே அதற்கு நாம் செய்யும் உபகாரம்.

நாலாவது ஞாயிறு கிடைத்தது. அம்மா படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள்.

"தல வெள்ளையாத் தெரியுதே!" கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம், "கால்ல என்ன கண்ணு?"

"மீனும்மா."

"பெருமாள் வாகனம்... ஞாயித்துக்கெழமைல மீனா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அடுத்த வாரம் மீனில்லாம ஒண்ணு புடிச்சுட்டு வா."