கோடாச் சுருட்டும் கொட்டாஞ்சேனைக் கைகளும்

மலிவான சுருட்டைத் தரம் பார்க்க முதலில் வேண்டியது நாக்கு அல்ல, விரல். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் சிறிய பலசரக்குக் கடை நடத்தும் பெரியவர் ஒருவர்தான் இதை எனக்குச் செய்து காட்டினார். எழுபதைக் கடந்தவர், யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பிறந்தவர். ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டிக் குட்டான், நல்லெண்ணெய்ப் போத்தல் எல்லாம் முன்தட்டில் இருந்தன. சுருட்டுக் கட்டுகள் மட்டும் பின்பக்கம், மூடி இறுக்கிய தகரத்துக்குள். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடுக்கிறது. 21 வயது நிரம்பாதவருக்கு விற்கவும் கூடாது. பெரியவர் அந்தச் சட்டத்தை மதித்து நடப்பவர். கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுப்பார்.

ஒரு கட்டிலிருந்து ஒன்றை உருவி என் கையில் வைத்தார்.

"கண்ணை விட்டிட்டு விரலாலை பாருங்கோ, தம்பி. அடியிலை இருந்து நுனி மட்டும் மெல்ல அமத்திக்கொண்டு வாங்கோ. பள்ளம் தட்டுப்பட்டா அதிலை நெருப்புப் பாயும். கட்டி தட்டுப்பட்டா அதிலை புகை நிண்டுபோம்."

அமத்திப் பார்த்தேன். நடுவில் ஓரிடம் சற்று இளகியிருந்தது. அதைச் சொன்னதும் தலையாட்டிவிட்டு வேறொன்றை எடுத்துத் தந்தார். இது அடி முதல் நுனி வரை ஒரே பிடியில் இருந்தது. பிறகு அதைக் காதருகே வைத்து உருட்டச் சொன்னார். சரசரவென்று சத்தம் வந்தால் இலை காய்ந்துவிட்டது, மேலிலை வெடிக்கும். சத்தமே இல்லாவிட்டால் ஈரம் ஏறிவிட்டது, அடிக்கடி அணையும். வெள்ளவத்தையில் இரண்டாவதுதான் பெரிய தொல்லை. கடையிலிருந்து தண்டவாளத்தைக் கடந்தால் கடல். யாழ்ப்பாணத்துக் காற்றில் உணத்திய இலை இந்த உப்பு ஈரத்தில் சில நாட்களில் இளகிவிடும், மழைக்காலத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். தகரத்துக்குக் காரணம் சட்டம் பாதி, கடல் பாதி. ஊசி குத்தியது போன்ற சிறு துளைகள் தெரிந்தால் அந்தக் கட்டையே அவர் ஒதுக்கிவிடுவார். அது புகையிலையைத் தின்னும் வண்டு போட்ட துளை. அதற்குள்ளால் காற்று நுழைந்தால் இழுப்புக் கெட்டுவிடும்.

அடுத்தது மூக்கு. பற்றவைக்காத சுருட்டின் அடியை முகர்ந்தபோது பனங்கட்டியின் இனிப்பும் காய்ந்த இலையின் காரமும் சேர்ந்து வந்தன. அது கோடாவின் வாசம். புகையிலைக்கு ஊட்டும் புளித்த சாறுதான் கோடா. பனங்கட்டியின் பங்கு அதில் பெரிது, மற்றச் சேர்மானம் சுருட்டுச் சுற்றும் கொட்டிலுக்குக் கொட்டில் மாறும். கோடாச் சுருட்டு என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவோர் இன்றும் அவர் கடைக்கு வருகிறார்கள், தமிழரும் சிங்களவரும். வாசத்துக்குப் பதிலாக மூக்கைக் குத்தும் நெடி வந்தால் இலை அவசரப்பட்டுச் சந்தைக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். புகையிலையை அடுக்கிப் பாடம் போடும்போது அடுக்குக்குள் சூடேறி, இலையிலுள்ள நைதரசன் சேர்வைகள் உடைந்து அமோனியாவாக வெளியேற வேண்டும். அதற்கு நாள் கொடுக்காத வியாபாரி அந்த அமோனியாவைப் புகைப்பவரின் தொண்டைக்கு அனுப்புகிறார். விலையுயர்ந்த கியூபச் சுருட்டின் இலையும் மாதக்கணக்கில் அடுக்கில் கிடப்பது இதே காரணத்துக்காகத்தான்.

சுற்றும் கையைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில், வீட்டு விறாந்தையில் இருந்து சுருட்டுச் சுற்றுகிறார் ஒரு முதியவர். கோண்டாவில் பக்கம் பிறந்து, பையனாகத் தொழில் பழகி, தெற்கே பல ஊர்களின் கொட்டில்களில் வேலை செய்து கடைசியில் இங்கே தங்கியவர். யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வரும் புகையிலைச் சிப்பத்தில் ஒரு பங்கு அவருக்கும் வருகிறது. முன்னால் ஒரு பலகை, ஒரு கத்தரிக்கோல், ஈரச் சாக்கு. அவ்வளவுதான் தொழிற்சாலை.

ஈரச் சாக்கின் கீழ் பதமாகக் கிடந்த இலையை எடுத்து, நடு நரம்பைக் கிழியாமல் உரித்தார். நரம்பு நீங்கியதும் இலை இரண்டு பாதியாகும். இடப்பாதியை ஒரு பக்கமாகவும் வலப்பாதியை மறுபக்கமாகவும் சுற்ற வேண்டும். மாறிச் சுற்றினால் கிளை நரம்புகள் வெளியே துருத்தும். உள்ளே வைக்கும் இலைத் துண்டுகளை உள்ளங்கையில் அள்ளினார். தராசு இல்லை. அள்ளியதில் கொஞ்சத்தைத் திருப்பிப் போட்டார். ஒரு இலையால் அதைச் சேர்த்து உருட்டி, மேலிலையைச் சாய்வாகச் சுற்றி, நுனியில் பசை தொட்டு முடித்து, அடியைக் கத்தரித்தார். பலகையில் வரிசையாகக் கிடந்தவற்றை நான் அமத்திப் பார்த்தேன். வெள்ளவத்தைப் பெரியவர் சொன்ன பள்ளமோ கட்டியோ ஒன்றிலும் தட்டுப்படவில்லை.

"எப்பிடி ஐயா ஒரே அளவு வருகுது?"

"அளவு இலையிலை இல்லை, தம்பி. ஈரமான இலை கனக்கும், காஞ்சது கனக்காது. கை அதைப் பாத்துத்தான் அள்ளும்."

முற்றத்துக்கு வந்து ஒன்றைப் பற்றவைத்தோம். நெருப்பை அடியின் ஒரு மூலையில் காட்டாமல் சுருட்டைச் சுழற்றியபடி வட்டம் முழுவதும் பிடிக்க வைத்தார். புகையை நெஞ்சுக்குள் இழுக்கவேண்டாம் என்றார். வாய்க்குள் நிறுத்தி வெளியே விட்டால் போதும், சுவை தெரியும். முதலில் கோடாவின் இனிப்பு. கொஞ்சம் எரிந்ததும் இனிப்புக் குறைந்து மிளகுக் காரம் நாக்கின் ஓரத்தில் நின்றது. கடைசிப் பகுதியில் கசப்பு ஏறியது. அந்த இடத்தில் போட்டுவிடச் சொன்னார். நல்ல சுருட்டில் கசப்பு மெல்ல வரும், கூடாததில் தொடக்கத்திலேயே வந்துவிடும் என்பது அவர் அளவுகோல்.

சுவையைவிட அவர் உற்றுப் பார்த்தது எரியும் விளிம்பையும் சாம்பலையும்தான். விளிம்பு நேராக இறங்கினால் சுற்றியவர் கெட்டிக்காரர். ஒரு பக்கம் மட்டும் ஓடினால் கைப் பிசகு, அல்லது மேலிலையில் தடித்த நரம்பு. நேராக இறங்கியும் அடிக்கடி அணைந்தால் பிழை கையில் இல்லை, தோட்டத்தில். சாம்பல் கறுத்து, பிடிமானமில்லாமல் உதிர்ந்தால் "உவர்த் தண்ணி இறைச்ச பயிர்" என்பார்.

அவர் அனுபவத்தில் கண்டதற்கு வேளாண் அறிவியலில் நேரான விளக்கம் உண்டு. புகையிலை மண்ணிலும் நீரிலும் உள்ள குளோரைட்டை இலையில் சேர்த்துக்கொள்ளும் பயிர். குளோரைட் மிகுந்த இலை ஈரத்தை இழுக்கும், எரிய மறுக்கும். பொட்டாசியம் போதிய அளவு இருந்தால் சீராக எரியும். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்கு மேலுள்ள செம்மண்ணில், கிணற்று நீரை இறைத்துத்தான் பயிர் வளர்கிறது. கடலுக்குக் கிட்டிய கிணறுகளிலும் அளவுக்கு மீறி இறைத்த கிணறுகளிலும் உவர் ஏறும். ஆகவே கொட்டாஞ்சேனை முற்றத்தில் விழும் சாம்பலில் வலிகாமத்துக் கிணற்று நீரின் தரம் தெரிகிறது. கோனன் டொயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், துப்பறிவாளர் தரையில் கிடந்த சாம்பலைக் கொண்டு அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று கண்டுபிடிப்பார். உலகம் அதைக் கதாநாயகனின் மேதைமையாகக் கொண்டாடியது. அதே அறிவு இங்கே ஒரு விறாந்தையில், யாரும் பதிவுசெய்யாமல் இருக்கிறது.

இந்த அறிவு உருவான இடம் சுருட்டுக் கொட்டில். யாழ்ப்பாணப் புகையிலை டச்சுக்காரர் காலத்திலேயே கடல் வழியாகத் திருவிதாங்கூருக்குப் போனது. அந்தச் சந்தை சுருங்கியபோது தென்னிலங்கைச் சந்தையே பெரிதும் தாங்கியது. 1905இல் வடக்குக்கு ரயில் பாதை முழுமையானதும் சரக்கு போவது எளிதாயிற்று. கொக்குவில், கோண்டாவில், இணுவில், தாவடி போன்ற ஊர்களில் கொட்டில்கள் பெருகின. தெற்கின் சிறுநகரங்களில் யாழ்ப்பாணத்தவரின் சுருட்டுக்கடைகள் திறந்தன. கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் வண்டி இழுத்தவரும் பகல் முடியப் புகைத்தது இந்தச் சுருட்டைத்தான்.

கொட்டிலில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர்கள் கை ஓயாமல் சுற்றியபடி கேட்பார்கள். ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் 1865இல் இதே வழக்கம் தொடங்கியது. கடல்கள் தாண்டிய இரண்டு தீவுகளில் ஒரே தொழில் ஒரே பழக்கத்தை வளர்த்தது, ஏனென்றால் கைக்கும் கண்ணுக்கும் வேலை இருக்கும்போது காது சும்மா இருக்கிறது. "வியட்நாம் சண்டையை நான் பலகைக்கு முன்னாலை இருந்துதான் கேட்டனான்" என்றார் முதியவர். 1930இல் கொழும்பில் தொடங்கிய வீரகேசரியும் 1959இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஈழநாடும் பள்ளிக்கூடம் போகாத பலரிடம் சேர்ந்தது இப்படித்தான். இடதுசாரிகள் சுருட்டுத் தொழிலாளரிடையே சங்கம் கட்ட முடிந்ததற்கும் இந்தக் கேட்கும் பழக்கம் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

பிறகு நடந்ததைச் சொல்லும்போது அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை. 1958, 1977, 1983. ஒவ்வொரு வன்செயலிலும் தெற்கில் தமிழர் கடைகள் எரிந்தன, சுருட்டுக்கடைகளும் அவற்றில் இருந்தன. 1990இல் போரால் வடக்குக்கான பாதை மூடப்பட்டது. 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடப்பட்டு, 2009இல்தான் நிலையாகத் திறந்தது. இடையில் வளர்ந்த தலைமுறை சுருட்டை விட்டுவிட்டது. அவர் பிள்ளைகளும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. அவர் அதற்காக வருந்தவும் இல்லை.

நானும் வருந்தவில்லை. புகையிலையைப் பற்றி எழுதும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது, நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் நிக்கோட்டின் வாயின் மென்தோல் வழியாகவே உடலில் ஏறும். வாயில் நிறுத்தும் புகை வாயைத்தான் முதலில் கெடுக்கும். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலையோடு மெல்லும் புகையிலைக்கு அதில் பெரும் பங்கு, புகைப்பதன் பங்கும் சிறிதல்ல. ஒரு சிகரெட் 100 ரூபாயைத் தாண்டிய நாட்டில் மலிவான சுருட்டு ஏழையின் கைக்கு எளிதாக எட்டுகிறது, அவரே நோயையும் சுமக்கிறார். இந்தத் தொழில் வளரவேண்டும் என்று என்னால் எழுத முடியாது.

ஆனால் அது முடியும் விதத்தில் நியாயம் வேண்டும். 2020க்குள் புகையிலைச் செய்கையை நிறுத்துவதாக அரசு அறிவித்தபோது மாற்றுப் பயிர் பற்றிப் பேசினார்கள். அந்த ஆண்டு கடந்தும் வடக்கில் பயிர் நிற்கிறது. கமக்காரரைப் பற்றியாவது பேச்சு எழுந்தது. இலையைச் சுருட்டாக்கும் கையைப் பற்றி யாரும் பேசவில்லை. கொட்டாஞ்சேனை முதியவருக்குச் சுற்றிய எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஊழியர் சேமலாப நிதி இல்லை, நியமனக் கடிதம் இல்லை, ஐம்பது ஆண்டுக்கு மேல் வேலை செய்ததற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. இடுப்பு நேராக நிமிரவில்லை, வலக்கைப் பெருவிரல் மடங்க மறுக்கிறது.

இரண்டு வேலைகள் இப்போதே செய்ய வேண்டியவை. முதலாவது, பள்ளமும் கட்டியும் விரலில் தெரிவது எப்படி, சாம்பலில் உவர் தெரிவது எப்படி என்பதை இவர்களின் வாயிலிருந்தே பதிவுசெய்வது. 1974 முதல் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இதற்கு முன்வரலாம். புகையை வளர்க்காமலே ஒரு கைவினையின் அறிவைக் காக்க முடியும். இரண்டாவது, கொழும்பிலும் வடக்கிலும் எஞ்சியிருக்கும் சுருட்டுத் தொழிலாளரைப் பெயர் பெயராகக் கணக்கெடுப்பது. தொழில் முடியட்டும். அதில் தேய்ந்தவர்களுக்கு ஓய்வூதியம் எழுதி வைத்த பிறகு முடியட்டும்.