ஒரகடத்துக்கு டொராண்டோ சொல்வது

1989-இல் டொராண்டோ நகரில் ஹெரிடேஜ் ஃபிரண்ட் என்ற வெள்ளை இனவாத அமைப்பு தொடங்கப்பட்டது. அதை முன்னின்று தொடங்கிய வுல்ஃப்காங் ட்ரோகே ஜெர்மனியில் பிறந்து சிறுவயதில் கனடாவுக்கு வந்தவர். கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தில் இருந்தவர். 1981-இல் கரீபியத் தீவான டொமினிக்காவில் கூலிப்படையோடு இறங்கி ஆட்சியைப் பிடிக்கப் போட்ட திட்டத்தில் அகப்பட்டு அமெரிக்கச் சிறையில் இருந்தவர். அவர்தான் வெளியிலிருந்து வருகிறவர்களால் கனடா கெட்டுப்போகிறது என்று பேசினார். அந்தப் பேச்சைக் கேட்கவும் ஆள் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்து, ஒன்டாரியோ மாகாணத்தின் தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. வேலை போனவனுக்கும், வேலையே கிடைக்காத அவன் மகனுக்கும், யாரைக் குறை சொல்வது என்று இந்த அமைப்பு எடுத்துக்கொடுத்தது. அது நடத்திய தொலைபேசி எண்ணை அழைத்தால், குடியேறிகளையும் யூதர்களையும் பழங்குடிகளையும் பழிக்கும் பதிவுக்குரல் ஒலிக்கும். பள்ளி மாணவர்களை இசைக்கூட்டங்கள் வழியாக இழுத்தார்கள். ஒரு கட்டத்தில் ரிஃபார்ம் என்ற அரசியல் கட்சிக்குள்ளும் நுழைந்தார்கள்; கட்சி அவர்களைக் கண்டுபிடித்து வெளியேற்றியது.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் பிறந்து கனடாவில் வாழ்கிற நான் இந்தக் கதையைச் சொந்த ஊர்க்காரர்களுக்கு எழுதக் காரணம் உண்டு. நாஜி கொள்கையைப் படித்து நம்பி யாரும் ஒரு வெறுப்புக் கூட்டத்தில் சேர்வது அரிது. வேலையிடத்தில் ஊறிய கசப்புக்கு ஒருவன் அந்நியனின் முகத்தை வரைந்து காட்டும்போதுதான் கூட்டம் சேர்கிறது. அந்தக் கசப்பு நம் தொழிற்பகுதிகளான ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் வல்லம் வடகாலிலும் இன்று இருக்கிறது. முகத்தை வரையும் வேலையும், சிறு அளவில், தொடங்கிவிட்டது. கனடாவில் அதை நிறுத்தியவர்கள் யார், எப்படி நிறுத்தினார்கள் என்பதை நம் ஊர் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் ராட்னி போபிவாஷ். அனிஷினாபே பழங்குடியைச் சேர்ந்தவர். டொராண்டோவில் உள்ள பழங்குடியினர் மையத்திலிருந்து, இனவெறிக் குழுக்களைக் கண்காணித்து மக்களுக்குத் தகவல் சொல்லும் தொலைபேசிச் சேவை ஒன்றை நடத்தினார். கனடாவில் மண்ணின் மைந்தர் என்று சொல்லிக்கொள்ள யாருக்காவது உரிமை இருக்குமானால் அது அவர் இனத்துக்குத்தான். அந்த மையம்தான் குடியேறிகளை இழிவுபடுத்திய குரலுக்கு எதிராக மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தது. நீதிமன்றம் அந்தப் பதிவுகளுக்குத் தடை விதித்தது. தடையை மீறியதற்காக 1994-இல் ட்ரோகே உள்ளிட்ட தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். ருமேனியாவிலிருந்து சிறுமியாகக் கனடாவுக்கு வந்து, பதின்ம வயதில் அந்த அமைப்பில் சேர்ந்த எலீசா ஹாட்டகன் மனம் மாறி வெளியே வந்து சாட்சி சொன்னார். 1992-இல் உருவான இனவெறி எதிர்ப்பு இளைஞர் அமைப்பு, ஹெரிடேஜ் ஃபிரண்ட் கூடிய இடமெல்லாம் கூடியது. 1993 ஜூனில் அந்த இளைஞர்கள் அந்தத் தொலைபேசிக் குரலுக்குச் சொந்தக்காரரின் வீட்டுக்கு ஊர்வலமாகப் போய் அதைச் சேதப்படுத்தினார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவனின் பேச்சுக்கு அவன் குடியிருக்கும் வீடு பதில் சொல்லக்கூடாது. ஆனாலும் அந்த அமைப்பு தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாமல் போனதில், நாள் தவறாமல் எதிரே வந்து நின்ற அந்த இளைஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அதே 1993 ஜூனில்தான் டொராண்டோவில் ஓர் ஈழத்தமிழ் அகதி வெள்ளை இன இளைஞர்களால் அடித்து உதைக்கப்பட்டார். உயிர் பிழைத்தார், உடல் பகுதியளவு முடங்கிப்போனது. தாக்கியவர்களில் ஒருவன் ஸ்கின்ஹெட் எனப்படும் இனவெறி இளைஞர் வட்டாரத்தைச் சேர்ந்தவன். இந்த மாதிரிக் குழுக்கள் மிகச் சிறியவை, எதிர்த்தால் விளம்பரம்தான் கிடைக்கும், விட்டால் தானாக வாடிவிடும் என்பார்கள். சிறிய குழுதான், ஆனால் அதன் அளவை அந்த அகதியின் உடலை வைத்து அளக்க வேண்டும். பத்துப் பேர் கை ஓங்குவதற்குப் பின்னால், ஓங்கினால் என்ன என்று நினைக்கும் ஆயிரம் பேர் தேவைப்படுகிறார்கள். அந்த ஆயிரம் பேரைக் குறைத்ததுதான் எதிர்ப்பு செய்த வேலை.

காவல்துறையும் உளவுத்துறையும் பார்த்துக்கொள்ளும் என்று விடுவதும் போதாது. ஹெரிடேஜ் ஃபிரண்டின் தலைமைக்கு மிக நெருக்கமாக இருந்த கிராண்ட் பிரிஸ்டோ, கனடா உளவுத்துறைக்குத் தகவல் தந்துகொண்டிருந்தவர் என்பதை 1994 ஆகஸ்டில் டொராண்டோ சன் நாளிதழ் வெளியிட்டது. உளவுத்துறையைக் கண்காணிக்கும் குழு விசாரித்தது. தகவல் சேகரித்தது சரி, சில இடங்களில் எல்லை மீறல் இருந்தது என்று அறிக்கை கொடுத்தது. அரசின் சம்பளத்தில் இருந்தவர் அந்த அமைப்பை வளர்க்கவே உதவினார் என்று எதிர்ப்பாளர்கள் இன்றும் சொல்கிறார்கள். இதில் யார் பக்கம் நியாயம் அதிகம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அரசு உள்ளே இருந்த அந்த ஆண்டுகளிலேயே அந்தத் தமிழர் அடிபட்டார்.

இனி நம் ஊர். 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். ஓர் இயக்கம் செய்த குற்றத்துக்குத் தமிழ்நாட்டில் இருந்த ஈழ அகதிகள் எல்லோரும் சந்தேகத்துக்கு ஆளானார்கள். 1992-இலிருந்து பல்லாயிரம் பேர் போர் ஓயாத நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிலரின் பாவத்தை ஓர் இனத்தின் தலையில் கட்டுவது எப்படி இருக்கும் என்று ஸ்ரீபெரும்புதூரின் பெயர் அறிந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்று அதே இடத்தில் இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை கார், லாரி, டயர், செல்போன் என்று உலகத்துக்கே பொருள் போகிறது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் கட்டடத்திலும் லைனிலும் கேன்டீனிலும் உழைக்கிறார்கள். ஒரு திருட்டு நடந்தால், ஒரு பெண்ணிடம் ஒருவன் தவறாக நடந்தால், குற்றவாளியின் பெயருக்கு முன்பே அவன் மாநிலம் பேசப்படுகிறது. வாட்ஸ்அப்பில் அது ஒரு கூட்டத்தின் குணமாகிவிடுகிறது. இந்தத் தீ எதிர்ப்பக்கமும் எரியும்: 2023 மார்ச்சில், பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் கொல்லப்படுகிறார்கள் என்று பொய்க் காணொலிகள் வடக்கே பரவின. ஏராளமானோர் அஞ்சி ஊர் திரும்பினார்கள்; பீகார் அரசு குழு அனுப்பியது; தமிழ்நாடு காவல்துறை மறுப்பு வெளியிட்டு, பரப்பியவர்கள்மீது வழக்குப் போட்டது. அந்தப் பொய்யை அவர்கள் நம்பியதற்கு, இங்கே தினமும் காதில் விழுந்த ஏச்சும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

இந்த ஒப்பீடே தவறு, தமிழ்நாட்டில் நாஜிகள் இல்லை என்று சொல்வார்கள். உண்மை. சுயமரியாதை இயக்கம் வேர்விட்ட மண்ணில் இனத்தூய்மை பேசும் கட்சி எளிதில் நிற்காது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் ஹெரிடேஜ் ஃபிரண்டும் ஒரு கட்சியாக வளர்ந்த பிறகு எதிர்க்கப்படவில்லை. அது தொலைபேசிப் பேச்சாக இருக்கும்போதே எதிர்க்கப்பட்டது. அதனால்தான் வளரவில்லை. இன்னொரு மறுப்பு கனமானது: இந்தித் திணிப்பை எதிர்ப்பதும் தமிழருக்கு வேலை கேட்பதும் இனவெறியா? இல்லவே இல்லை. தில்லியின் மொழிக்கொள்கையை எதிர்ப்பது நம் உரிமை. அந்தக் கொள்கையை எழுதியவர் பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேரோடு படுத்திருக்கும் ஒடிசா இளைஞர் அல்ல. உள்ளூர் இளைஞருக்கு வேலை கேட்கும் போராட்டமும் நியாயமே. அதைக் கேட்க வேண்டிய இடம் கம்பெனி வாசல், கோட்டை, தொழிலாளர் துறை அலுவலகம்.

வேலைக் கசப்பின் ஊற்று எங்கே என்பதை இந்த வட்டாரத்துப் போராட்டங்களே காட்டிவிட்டன. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமானதால் ஃபாக்ஸ்கான் பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்துக்காகவும் சம்பளத்துக்காகவும் வெளியே வந்து 37 நாள் நின்றார்கள். இந்த இரண்டு போராட்டத்திலும் எதிரில் இருந்தது பீகார்க்காரர் அல்ல. நிரந்தர வேலையைக் குறைத்து ஏஜென்ட் மூலம் ஆள் எடுப்பது நிர்வாகத்தின் முடிவு. அந்த ஏற்பாட்டில் குறைந்த கூலிக்கு வருகிறவர் உள்ளூர்க்காரரின் வேலையைப் பறிக்கவில்லை, அவரும் அதே ஏற்பாட்டில் மாட்டியிருக்கிறார். வெளிமாநிலத் தொழிலாளிக்கு உள்ளூர்த் தொழிலாளிக்குக் குறையாத கூலி தர வேண்டும் என்று 1979-லேயே சட்டம் வந்தது. அது ஒழுங்காக நடைமுறைப்படுத்தப்பட்டிருந்தால் அவர்களைத் தேடிப்பிடித்துக் குறைந்த கூலிக்குக் கொண்டுவரும் ஆதாயமே இருந்திருக்காது; தமிழ் இளைஞருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. வெளியாரை விரட்டும் அரசியல் உள்ளூர்த் தொழிலாளியையும் காக்காது; பம்பாய் இதற்குச் சாட்சி. 1966-இல் தொடங்கிய சிவசேனாவின் முதல் இலக்கு தென்னிந்தியர்கள், அதிலும் தமிழ் குமாஸ்தாக்கள். சில ஆண்டுகளில் அதன் கை தொழிற்சங்கங்கள்மீது திரும்பியது. 1970-இல் கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய், அவரே ஒரு மராத்தியர், அந்த அமைப்பினரால் கொல்லப்பட்டார். தமிழரை விரட்டிய அரசியல் மராத்தியத் தொழிலாளியின் சங்கத்தையும் விட்டுவைக்கவில்லை.

சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் சங்கம் நடத்துகிறவர்களே, உங்கள் அடுத்த துண்டறிக்கையை இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிடுங்கள். காண்ட்ராக்ட் ஆட்களை, அவர்கள் எந்த மாநிலமானாலும், உறுப்பினராகச் சேருங்கள். அவர்களுக்கு விபத்து நடந்தால் இழப்பீட்டுக்கு நீங்கள் மனுப் போடுங்கள். வாடகைக்கு அறை விடுகிறவர்களே, தலைக்கு இவ்வளவு என்று கூடுதலாக வாங்காதீர்கள். ஊர்க் குழுவில் ஒரு பொய்க் காணொலி வந்தால் அதே குழுவில், உங்கள் பெயரோடு, மறுத்து எழுதுங்கள். டொராண்டோவில் என் பிள்ளைகள் பயமில்லாமல் பள்ளிக்குப் போகிறார்கள். எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு பழங்குடி மனிதரும், இனவெறியை எதிர்த்த இளைஞர்களும், மனம் மாறிய ஒரு பெண்ணும் எங்களுக்காக நின்றதும் அதற்கு ஒரு காரணம். ஒரகடத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக நீங்கள் நில்லுங்கள்.