ஒழுக்கும் துருவும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

துரு என்றவுடன் நம்மில் பலருக்குப் பள்ளிப் பாடநூலில் ஒரு பத்தியும், அதன் முடிவில் வரும் இரண்டு மதிப்பெண் வினாவும்தாம் நினைவுக்கு வரும். இரும்பு துருப்பிடிக்கத் தேவையானவை யாவை? காற்று, நீர் என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம். ஆனால் நீர் எங்கிருந்து வந்தது, எவ்வளவு நேரம் தங்கியது, அதில் என்ன கரைந்திருந்தது என்று கேட்கத் தொடங்கினால் அந்த வினா இரண்டு மதிப்பெண்ணோடு முடிவதில்லை. எங்கள் வீட்டு வேனின் தளத்தை முன்வைத்து அதைப் பற்றிச் சில சொற்கள் எழுத முற்படுகிறேன். வேதியியல் பயிலாத தோழியர் அஞ்ச வேண்டாம். சமன்பாடு எதுவும் எழுதப் போவதில்லை.

என் தந்தையார் கருவாட்டு வியாபாரி. மணப்பாடு, பெரியதாழைக் கரைகளில் சரக்கு எடுத்து, சாத்தான்குளத்துக்கு மேற்கே உள்ள ஊர்ச் சந்தைகளில் விற்பவர். அவருடைய வண்டி 2009-ஆம் ஆண்டு மாருதி ஆம்னி. இரண்டாவது கையாக வாங்கியது. 1984 முதல் 2019 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் உற்பத்தியான இந்த வேன், நம் பக்கத்துச் சிற்றூர்களில் செய்யாத வேலை இல்லை என்றால் அது மிகையாகாது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியது, பிரசவத்துக்கு ஓடியது, பந்தல் சாமான் சுமந்தது. இனி நான் சொல்லப் போகும் குறைகளுக்கு வண்டியைச் செய்தவர்கள் பொறுப்பல்லர். உப்பு மூட்டையை எந்த இரும்பின் மேல் ஆண்டுக்கணக்கில் வைத்தாலும் அது அப்படித்தான் ஆகும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென்மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் விரைவு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் வெள்ளத்தின் நடுவே நின்றுபோயிற்று. எங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறி, வேன் இரண்டு நாள் அதில் நின்றது. வடிந்தபின் வண்டியைக் காயவைக்கத் தரையில் விரித்திருந்த ரெக்சினை முதன்முறையாக முழுவதும் உரித்தோம். அதன் கீழே இருந்த சணல் மெத்தை கருநிறச் சேறாக இருந்தது. அதையும் வழித்து எடுத்தபோது, முன்னிருக்கைக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குத் தெருமண் தெரிந்தது!

வெள்ளம் இரண்டே நாளில் இரும்புத் தகட்டைத் தின்றுவிடாது. அது பல ஆண்டு வேலை. வெள்ளம் செய்ததெல்லாம் எங்களை ரெக்சினைத் தூக்கிப் பார்க்க வைத்ததுதான்.

"கீழ இருந்துதாம்மா துருப்பிடிக்கும். ரோட்டுத் தண்ணி அடிச்சுக்கிட்டே இருக்குல்லா" என்றார் அப்பா. பட்டறைக்காரரும் அதையே சொன்னார். பழைய துருவின் மேலேயே ஒரு புதுத் தகட்டைப் பற்றவைத்து, வண்டியின் அடிப்பக்கம் முழுவதும் தார் பூசிக் கொடுத்தார். பார்வைக்குப் புதுவண்டி போலத்தான் இருந்தது. பங்குனி, சித்திரை போயிற்று. நம் ஊரின் கோடையில் சொட்டு மழை இல்லை. ஆனியில் பார்த்தால் தார் கொப்பளித்திருந்தது. கொப்புளத்தைக் கத்தியால் கீறினால் உள்ளே செம்பழுப்பு நீர்! மழையே இல்லாத காலத்தில் இந்த ஈரம் எங்கிருந்து வந்தது?

இந்த வினாவோடுதான் 2024-இல் நான் கல்லூரியில் சேர்ந்தேன். முதலாமாண்டு ஆய்வகத்தில் ஒரு நாள், தேய்த்துத் துடைத்த இரும்புத் தகட்டின் மேல் உப்புக் கரைசலில் ஒரு துளி வைக்கும் சோதனையைச் செய்தோம். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஈவான்ஸ் பெயரால் வழங்கும் சோதனை அது. துளியில் பொட்டாசியம் பெரிசயனைடும் பினாப்தலீனும் சிறிதளவு கலந்திருக்கும். இரும்பு கரையும் இடம் நீலமாகும். காற்றிலுள்ள ஆக்சிஜன் வினைபுரிந்து காரம் உண்டாகும் இடம் இளஞ்சிவப்பாகும். சிறிது நேரத்தில் துளியின் நடுவில் நீலமும் விளிம்பைச் சுற்றி இளஞ்சிவப்பும் தோன்றின. காற்று நன்றாகப் படும் விளிம்பில் இரும்பு பத்திரமாக இருக்கிறது. காற்று எட்டாத நடுவில் கரைகிறது. இரண்டுக்கும் இடையில் பழுப்பு வளையமாகத் துரு படிகிறது.

சக மாணவியர் அழகிய பூ என்று வியந்தார்கள். எனக்கு எங்கள் வேனின் ரெக்சின் நினைவு வந்தது. ரெக்சினுக்கு அடியில் ஈரம் தேங்கி நிற்கும் நடுப்பகுதிதான் துளியின் நடு. காற்றோட்டமுள்ள ஓரங்கள்தாம் துளியின் விளிம்பு. எங்கள் தளத்திலும் ஓரங்கள் நன்றாக இருந்தன, நடுப்பகுதியே ஓட்டையாகியிருந்தது. சாலைத் தண்ணீர் கீழிருந்து அடிக்கும். ஆனால் வண்டி ஓட ஓட அது உலர்ந்தும் விடும். உள்ளே மேலிருந்து வந்து மெத்தைக்குள் ஒளிந்துகொள்ளும் நீர்தான் உலர்வதில்லை. தளத்தைக் காக்க விரித்த விரிப்பே அதற்குப் பகையாக இருந்திருக்கிறது.

கோடையில் வந்த ஈரத்துக்கு விடை கருவாட்டுக் கூடையில் இருந்தது. கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும். தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீர்த்துப் போகும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதை நம் தாய்மார்கள் அறிவார்கள். அதே செயல்தான் இது. கூடையிலிருந்து உதிர்ந்த உப்பு மெத்தைக்குள் இறங்கி, கடற்காற்றிலிருந்து தனக்கு வேண்டிய நீரைத் தானே இழுத்துக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் அந்த உப்பை உள்ளே வைத்தே மேலே தகடும் கீழே தாரும் போட்டு மூடிவிட்டார்.

உப்புக்காற்று எங்கள் வேனை மட்டுமா வாட்டுகிறது? 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் துருவால் நலிந்து, 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் ஓடுவது நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியாரின் கொடையால் அமைந்து 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிமானத்தைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் அதற்குக் கடலோர ஆய்வு நிலையங்கள் உள்ளன. கப்பலுக்கும் பாலத்துக்கும் இவ்வளவு அக்கறை. கருவாட்டு வேனுக்கு யார் இருக்கிறார்கள்?

2024 நவம்பரோடு வண்டிக்குப் பதினைந்து ஆண்டு நிறைவு. சொந்த வாகனமானாலும் அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். ஓட்டைத் தளத்தோடு போனால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இவ்வகை வண்டிகளுக்குத் தனியே சட்டம் கிடையாது; உடற்கூடே முதுகெலும்பு. தளமும் பக்கவாட்டுப் படிப் பெட்டிகளும் உளுத்துப் போனால் வண்டியின் வலிமையே போயிற்று. பழைய இரும்புக் கடைக்காரர் பதினெட்டாயிரத்துக்குக் கேட்டார். விற்றுவிட்டால் சந்தைக்குச் சந்தை வாடகை வண்டி பிடிக்க வேண்டும். வாடகை போக மிச்சம் வராது என்று தூரத்துச் சந்தைகள் இரண்டை விட்டுவிட அப்பா கணக்குப் போட்டார். அந்த இரண்டு சந்தைகளின் வருமானத்தில்தான் தம்பியின் படிப்பும் என் பேருந்துச் செலவும் ஓடிக்கொண்டிருந்தன.

"இந்தத் தடவ மொதல்ல உப்ப எடுப்பம்ப்பா. பெறவு ஒழுக்கப் பாப்பம். கடைசியில தகடு வைப்பம்" என்றேன். அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ஐப்பசிக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

உப்பு போயிற்றா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. அதற்கு ஆய்வகத்தில் எளிய வழி உண்டு. கழுவிய நீரை வடிகட்டி, சில சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, வெள்ளி நைட்ரேட்டை விட்டால், குளோரைடு இருந்தால் தயிர் போன்ற வெண்மை திரளும். பேராசிரியரிடம் அனுமதி பெற்று, ஒரு குப்பியில் வேன் கழுவிய நீரும், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றில் எங்கள் கிணற்று நீரும் கொண்டு போனேன். வேன் நீர் வெண்மையாகத் திரண்டது, எதிர்பார்த்ததுதான். கிணற்று நீரும் அதற்குச் சளைக்காமல் திரண்டது! ஆண்டுக்கணக்காக வண்டியைக் கழுவுகிறோம் என்று எண்ணி அதற்கு உப்பு ஊட்டி வந்திருக்கிறோம். அதன்பின் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்துவைத்து, ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் தளத்தைக் கழுவினோம். குடிக்கிற தண்ணியை வண்டிக்கு ஊற்றுகிறார்களே என்று அம்மா வருந்தினார். அந்த வருத்தம் நியாயமானது. ஐந்தாவது வாரத்துக் குப்பியில், குழாய் நீரில் தோன்றும் அதே மெல்லிய மங்கல் மட்டுமே இருந்தது.

அடுத்தது ஒழுக்கு. நீர் விழும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. கண்ணாடி மூலையில் புகுந்த நீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, தகட்டு மடிப்பு வழியே ஓடி, இருக்கைக்குப் பின்னால் வந்து தேங்கும். தேங்கிய இடத்தைப் பார்த்து அங்கே அடைப்பது வீண். பற்றவைப்பு வேலை தெரிந்த உறவுக்கார அண்ணாச்சி ஒருவர் சொன்னபடி, காய்ந்த தளத்திலும் கதவோரங்களிலும் அம்மாவின் கோலப்பொடியைத் தூவி, இரவில் நான் டார்ச்சுடன் உள்ளே அமர்ந்துகொண்டேன். தம்பி வெளியே நின்று செம்பால் தண்ணீர் ஊற்றினான். கீழிருந்து தொடங்கிப் படிப்படியாக மேலே வர வேண்டும். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் விளங்காது. பொடியில் கோடு விழும் இடத்தைச் சாக்கட்டியால் குறித்தேன்.

மூன்று வழிகள் அகப்பட்டன. முன்கண்ணாடியின் இடப்பக்கக் கீழ்மூலையில் ரப்பர் பீடிங் வெயிலில் இறுகி வெடித்திருந்தது. பின்கதவு ரப்பர் நசுங்கித் தட்டையாகியிருந்தது. மூன்றாவதுதான் விந்தை. கதவுக் கண்ணாடியின் ஓரமாகச் சிறிது மழைநீர் கதவுக்குள் இறங்குவது எல்லா வண்டியிலும் இயல்பு. அது வெளியேறவே கதவின் அடியில் சிறு துளைகள் இருக்கும். எங்களுக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் காலத்தில் யாரோ அந்தத் துளைகளைத்தான் ஒழுக்கு என்று எண்ணி எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள். கதவு குடமாக நிறைந்து, உட்பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. கம்பியால் குத்தியவுடன் அரைச் செம்பு பழுப்பு நீர் கொட்டியது. காசு செலவில்லாமல் தீர்ந்த ஒழுக்கு அது ஒன்றுதான்.

பின்பே தகட்டு வேலை. பெட்ரோல் டேங்கைக் கழற்றி அப்புறம் வைத்து, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, அண்ணாச்சி பழைய ஒட்டுத் தகட்டையும் உளுத்த பகுதியையும் பளபளக்கும் இரும்பு வரும்வரை வெட்டி எடுத்தார். துத்தநாகம் பூசிய தகடு வைக்கலாமா என்று அப்பா கேட்டார். அதைப் பற்றவைத்தால் எழும் புகையில் அன்றிரவே காய்ச்சல் வரும் என்பது அண்ணாச்சிக்கு அனுபவத்தில் தெரியும். அதுமட்டுமன்று, சூட்டில் துத்தநாகம் எரிந்துபோகும் இடம் சரியாக இணைப்பின் ஓரமே. ஆகவே சாதாரணத் தகடு வைத்து, இணைப்பின்மேல் துத்தநாகத் தூள் கலந்த பிரைமர் பூசினோம். வெட்ட முடியாத மடிப்புகளில் ஒட்டியிருந்த துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலக் கலவை தடவினேன்; அது துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றிக் கருமையாக்கிவிடும்.

மற்ற இடங்களுக்கு ரெட் ஆக்சைடு. அதன் செந்நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. துருவுக்கு அது நெருங்கிய உறவு. நம் தேரிக்காட்டு மணலின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான். நம் மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பு கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். செய்தித்தாளில் வந்த படங்களில் அந்த இரும்பு முழுவதும் துருவாகவே இருந்ததை நான் மட்டும்தான் உற்றுப் பார்த்திருப்பேன் போலும்.

தகடு, ரப்பர், பிரைமர், கூலி எல்லாம் சேர்ந்து பதினோராயிரம் ஆயிற்று. சணல் மெத்தை இனி வேண்டாம் என்று முடிவு செய்தோம். ரெக்சினுக்குப் பதில் மரச்சட்டங்களின் மேல் பலகை. அடியில் காற்று போகும். கூடைகளுக்குக் கீழே விளிம்பு வைத்த பிளாஸ்டிக் தட்டுகள். உதிரும் உப்பை அவ்வப்போது கொட்டிவிடலாம். சோதனை நாளன்று ஆய்வாளர் குனிந்து, அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தாராம். தார் ஏன் பூசவில்லை என்று கேட்டாராம். "எம் மவதான் வேண்டாம்னுட்டா, சார்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். பதிவு 2029 வரை கிடைத்தது.

இவ்வாண்டு ஐப்பசி மழையில் பலகையைத் தூக்கிப் பார்த்தோம். விரித்துவைத்த செய்தித்தாள்களில் பின்பக்கம் இடது மூலையில் ஒன்று மட்டும் நனைந்திருந்தது. விளக்குக்குக் கம்பி போகும் துளை என்கிறார் அண்ணாச்சி. கூரையின் மடிப்பு என்கிறார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை கோலப்பொடி தூவிப் பார்க்க வேண்டும்.